அன்பினால் பணிந்த அருளானந்தர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி, தேங்காய்த்திட்டு

பணிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று மதிப்பு, மற்றொன்று ஐயம். பணிவைப் புகழாத அறநூல் இல்லை. ஆயினும் பணிந்து பணிந்தே முதுகு கூனிப்போன மனிதர்களை நாம் நம் தெருக்களிலேயே கண்டிருக்கிறோம். அவர்களை எந்த அறநூலும் கைதூக்கி விடவில்லை. எனவே, தாழ்மையோடு பணிந்து நடத்தல் கிறித்தவ வாழ்வில் அன்பின் அடையாளம் என்று ஒருவர் சொல்லும்போது, பணிகிறவர் யார், யார் முன் பணிகிறார், பணியாமல் இருக்க அவரால் முடியுமா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டே அதனை ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம். இக்கேள்விகளுக்குத் தத்துவ நூல்களில் விடை தேடும் அளவுக்கு எனக்குப் பயிற்சி இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையில் தேடுவது எளிது. அந்த மனிதர் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்ட அருளானந்தர்.

மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு அவர் பெயர் நன்கு தெரியும். கருமாத்தூரில் 1970-இல் தொடங்கப்பெற்ற கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் புதுவை மாணவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேறொரு வழி உண்டு. பிரான்சுவா மார்த்தேன் என்பவர் இங்கே பிரெஞ்சுக்காரர்களின் பண்டகசாலையை நிலைநிறுத்தியது 1674-இல். அதே ஆண்டில்தான் அருளானந்தர் தமிழ்நாட்டு மண்ணில் கால் வைத்தார். மார்த்தேன் பாடுபட்டு வளர்த்த புதுச்சேரியை டச்சுக்காரர்கள் கைப்பற்றியது 1693-இல். அதே ஆண்டில்தான் அருளானந்தர் கொல்லப்பட்டார். நம் ஊர் முதன்முதலாக எழுந்து விழுந்த அந்தப் பத்தொன்பது ஆண்டுகளே அவருடைய தொண்டின் காலமும் ஆகும். அதில் நான்காண்டுகள் போகவர கடலிலும் தாய்நாட்டிலும் கழிந்துபோயின.

அவருடைய இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் போர்ச்சுகல் நாட்டுத் தலைநகரான லிசுபனில் பிறந்தார். தந்தையார் சால்வதோர் தெ பிரிட்டோ பெரைரா அரசருக்கு நெருங்கிய பிரபு. பிரேசில் நாட்டில் ஆளுநர் பதவிக்கு அனுப்பப்பெற்றுச் சென்ற இடத்திலேயே காலமானார். தந்தையை இழந்த சிறுவன் அரண்மனையில் இளவரசர் பேத்ரோவுக்குத் தோழனாக வளர்ந்தான். பட்டாடை, குதிரை, ஏவலாளர் என்று எதிலும் குறைவில்லை. பதினொரு வயதளவில் கடும் நோய் கண்டு பிழைப்பானோ மாட்டானோ என்றிருந்தபோது, தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். நோய் நீங்கியது. நேர்த்திக்கடனாக ஓராண்டுக் காலம் அச்சிறுவன் அரண்மனையிலேயே இயேசு சபையாரின் கறுப்பு அங்கியை அணிந்து திரிந்தான். உடன் வளர்ந்த பிரபுக்களின் பிள்ளைகள் கேலி செய்யாமல் இருந்திருப்பார்களா? குட்டி அப்போஸ்தலர் என்று பட்டப்பெயர் சூட்டினார்களாம். ஓராண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றியாயிற்று. ஆனால் அது மனத்தை விட்டுக் கழலவில்லை.

1662 திசம்பரில், பதினாறு வயது நிரம்பு முன்பே, அவர் இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். அச்சபையில் சேர்வோர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குகள் கொடுக்க வேண்டும். முதலிரண்டும் ஏனைய துறவிகளுக்கும் பொதுவே. கீழ்ப்படிதல்தான் அச்சபைக்குத் தனி முத்திரை. எங்கே போ என்றாலும் போக வேண்டும். எப்போது திரும்பு என்றாலும் திரும்ப வேண்டும். படிப்பில் சிறந்தவராகையால் அவரைப் பேராசிரியராகவே நிறுத்திக்கொள்ள மேலோர் விரும்பினர். அவரோ இந்தியாவுக்கு அனுப்புமாறு மன்றாடினார். தாயார் தம் மகனைத் தடுத்து நிறுத்த எடுத்த முயற்சிகள் கொஞ்சமல்ல. அவ்வம்மையாரின் நிலையை எண்ணிப் பார்த்தால் குறை சொல்ல வாய் வரவில்லை. சாவிலிருந்து மீட்டெடுத்த பிள்ளையைக் கடலுக்கு அப்பால் அனுப்ப எந்தத் தாய்தான் இசைவாள்? ஆயினும் 1673-இல் குருப்பட்டம் பெற்ற கையோடு அவர் கப்பலேறினார். ஏறத்தாழ ஆறு திங்கள் பயணத்தில் நோயினால் பலர் மடிய, செப்டம்பரில் கோவா சேர்ந்தார். மறு ஆண்டு மலையாளக் கரை வழியாகத் தமிழ்நாட்டுக்கு நடந்தே வந்தார்.

இங்கே மதுரை மிசன் என்ற அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்ற பெயருடன் அந்தணத் துறவியைப் போல வாழ்ந்து, தமிழும் வடமொழியும் கற்று, உயர்சாதியாரிடையே சமயப்பணி புரிந்ததைத் தமிழ் இலக்கிய வரலாற்றில் நாம் படித்திருக்கிறோம். அந்த முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அந்தணத் துறவியாக வாழ்பவர் தாழ்த்தப்பட்ட சாதியாரின் குடிசைக்குள் செல்ல முடியாது. அவரைத் தேடி அவர்களும் வர முடியாது. அதனால் 1640 அளவில் வேறொரு முறை வகுக்கப்பெற்றது. சைவப் பண்டாரங்களைப் போலக் காவியுடுத்தி, எளிய மக்களோடு பழகும் துறவிகளாகச் சிலர் வாழத் தொடங்கினர். இவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பெயர். பண்டாரசாமி ஏழை வீட்டுக்கும் போகலாம், பெரிய வீட்டுத் திண்ணையிலும் பேசலாம். ஆனால் மதிப்பு என்னவோ அந்தணத் துறவிக்குத்தான். பிரபு மகனான ஜான் தெ பிரிட்டோ, மதிப்புக் குறைந்த பண்டாரசாமி வாழ்க்கையை ஏற்றார். ஜான் என்ற பெயருக்கு எபிரேய மொழியில் இறைவனின் அருள் என்பது பொருள். அப்பொருளையொட்டி அருளானந்தர் ஆனார்.

ஏற்றதென்னவோ ஒரு நாளில் முடிந்த செயல். வாழ்ந்தது ஒவ்வொரு நாளும் நடந்த செயல். இறைச்சியும் மீனும் முட்டையும் மதுவும் அறவே இல்லை. ஐரோப்பியனுக்கு இவை நீங்கினால் உணவில் மிச்சம் என்ன? சோறு, கீரை, பால், சிறிது காய். அதுவும் நாளுக்கு ஒரு வேளை. படுக்கை தரை, சில வேளை மான்தோல் அல்லது ஓலைப்பாய். வெயிலில் மைல் கணக்காக நடை. ஊருக்குள் மழை பெய்தால் ஒதுங்கும் இடம், அவ்வூரார் இடம் கொடுத்தால் உண்டு, இல்லையெனில் மரத்தடிதான். செஞ்சி நாட்டுப் பக்கம் தொடங்கி, தஞ்சை, மதுரை, மறவர் சீமை என்று அவர் நடந்த தொலைவை நாட்டுப்படத்தில் பார்க்கும்போதே நமக்குக் கால் வலிக்கிறது. அந்நாளில் இப்பகுதியில் அமைதியும் இல்லை. 1677-இல் சிவாசி செஞ்சியைக் கைப்பற்றினார். படைகள் போவதும் வருவதுமாக ஊர்கள் பாழாகிக் கொண்டிருந்தன.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அவர் தமிழ் கற்றார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறோம். கற்பதென்றால் என்ன? இருபத்தேழு வயதில், இலத்தீனும் தத்துவமும் கரைத்துக் குடித்த ஒருவர், உள்ளூர் உபதேசியார் முன் உட்கார்ந்து, குழந்தையைப் போல ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நாவைத் திருப்ப வேண்டும். தவறிச் சொன்னால் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பையும் தாங்க வேண்டும். எப்படி உட்கார வேண்டும், எந்தக் கையால் வாங்க வேண்டும், யாரை எப்படி அழைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அவர் உபதேசியார்களிடமே கேட்டுக் கேட்டு நடந்தார். இரண்டாம் மொழியில் பாடம் படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதன் கடினம் சொல்லாமலே விளங்கும். கற்பிக்க வந்தவர் முதலில் கற்பவராகப் பணிந்தார். பெரிய வியாழனன்று நம் சம்பா கோயிலில் குருவானவர் மண்டியிட்டுப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவதைப் பார்த்தவர்கள் இதன் மூலத்தை உணர்வார்கள். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நிகழ்ச்சியில் மண்டியிட்டவர் வேலைக்காரர் அல்லர், ஆசிரியர்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுதான் ஆக வேண்டும். பண்டாரசாமி முறை சாதியைக் கடந்து செல்ல ஒரு வழி கண்டதே தவிர, சாதியை எதிர்த்து நிற்கவில்லை. அந்தணத் துறவியாக வாழ்ந்த சபைச் சகோதரரும் பண்டாரசாமியும் பலர் அறியச் சேர்ந்து உண்ண முடியாத நிலையும் இருந்தது. தம் சட்டையைக் கழற்றிக் காவி உடுத்தியவர்கள், ஊரின் வழக்கத்தையும் அப்படியே உடுத்திக்கொண்டார்கள். அதன் விளைவை நம் புதுவையே பின்னாளில் கண்டது. சம்பா கோயிலினுள்ளே பறையர் கிறித்தவர்களைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. 1745-இல் அம்மக்கள் திரண்டு சென்று, நாங்களும் உங்கள் மக்கள்தானே என்ற கருத்தில் பெரிய குருவிடம் நியாயம் கேட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. இச்செய்தியைத் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கோயிலுக்குள் பணிந்து நிற்க வேண்டியவர்கள் இப்படிக் கேட்டது பணிவுக்குக் குறைவா என்று யாரேனும் வினவினால், அந்த வினாவைச் சுவர் எழுப்பியவர்களிடம் முதலில் கேட்கலாம் என்பேன்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாத்தா தென்னந்தோப்பில் மரமேறியவர். தோப்புக்காரர் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் சரிங்க என்று வாங்கிக்கொண்டு வருவார். அதையும் ஊரார் பணிவு என்றுதான் சொன்னார்கள். அவரால் துண்டை எடுக்காமல் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் மறுநாள் அடுப்பு எரிந்திராது. அருளானந்தரின் பணிவையும் என் தாத்தாவின் பணிவையும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழின் குறையன்று. அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மறுக்கும் வலிமை இருந்தும் பணிகிறவனிடத்தில்தான் அன்பு இருக்கிறதா இல்லையா என்று சோதிக்க முடியும். அருளானந்தரின் வாழ்வில் அச்சோதனை இருமுறை வந்தது.

1685-இல் அவர் மதுரை மிசனின் தலைவரானார். மறு ஆண்டு மே மாதம் மறவர் சீமைக்குள் சென்றார். குருக்கள் நுழைய அஞ்சிய சீமை அது. சில வாரங்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்தார். சூலைத் திங்களில் அந்நாட்டுத் தளபதி ஒருவனின் ஆட்கள் அவரையும் உபதேசியார்களையும் பிடித்தனர். சிவன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவதாகக் கூறினர். அவர் மறுத்தார். விலங்கிட்டனர், சவுக்கால் அடித்தனர், மரத்தில் கட்டித் தூக்கிக் குளத்து நீரில் அமிழ்த்தினர், உச்சி வெயிலில் கூர்மையான பாறைமேல் கிடத்தி மிதித்தனர். உபதேசியார்களும் அதே அடியை வாங்கினர். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்லூரிக்கும் வைக்கப்படவில்லை என்பதை ஈண்டு நினைத்துக்கொள்கிறேன். அடித்தவர்களை அவர் திருப்பி ஏசவில்லை. உடலைப் பொறுத்தவரை முழுப்பணிவு. சொல்லச் சொன்ன ஒரு சொல்லைப் பொறுத்தவரை முழுமறுப்பு. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் இருந்தன.

பின்னர் இராமநாதபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே ஆண்டவர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி. இராமநாதபுரக் கோட்டையைக் கட்டி மறவர் அரசை வலுப்படுத்திய பேரரசர். அவரைக் கொடியவராக மட்டும் சித்திரிக்கும் வழக்கம் சில சமய நூல்களில் உண்டு, அது முறையன்று. கைதியை அழைத்து அவர் சமயக் கொள்கையை விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டபின் விடுதலையும் செய்திருக்கிறார். இனி என் நாட்டில் இச்சமயத்தைப் போதிக்கலாகாது என்பது மட்டுமே அவர் இட்ட கட்டளை.

காயம் ஆறுமுன் வேறொரு கட்டளை வந்தது. இது சபை மேலிடத்திலிருந்து. மதுரை மிசனின் நிலையை எடுத்துரைக்க ஐரோப்பாவுக்குச் செல்க என்பது. இதுவே முதற் சோதனை என்று நான் கருதுகிறேன். மனிதனைப் பாறையில் கிடத்தி மிதிக்கலாம், அவன் தாங்கிக்கொள்வான். விரும்பிய வேலையின் நடுவில், அதுவும் பலன் காணத் தொடங்கிய வேளையில், விட்டுவிட்டு வா என்றால் அது வேறு வகை மிதி. தாம் தலைவர், தம்மால்தான் இப்பணி நடக்கிறது என்று வாதாடியிருக்கலாம். உடல்நிலையைக் காரணம் காட்டியிருக்கலாம். அவர் புறப்பட்டார். 1686 திசம்பரில் கோவாவில் கப்பலேறி, மறு ஆண்டு செப்டம்பரில் லிசுபன் சேர்ந்தார்.

இளமைத் தோழர் பேத்ரோ இப்போது அரசர். பதினான்கு ஆண்டு வெயிலில் கறுத்து, நீண்ட தாடியோடும் உடம்பெல்லாம் தழும்போடும் வந்து நின்ற நண்பரை அரசர் எப்படி வரவேற்றிருப்பார் என்று கற்பனை செய்து பார்க்கலாம். லிசுபன் மக்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டனர். அரண்மனை விருந்துகளுக்கு நடுவிலும் அவர் கீரையும் பயறுமே உண்டார்; தரையிலேயே படுத்தார். இங்கே பண்டாரசாமியாக இருந்தது மக்களைக் கவர்வதற்காகப் போட்ட வேடம் என்று சொல்வோருக்கு இதுவே விடை. லிசுபனில் யாரைக் கவர அவர் கீரை தின்ன வேண்டும்? மதுரைச் சீமையில் தம் மக்கள் உண்ணும் உணவைத் தாமும் உண்பது அவருக்கு உறவாகிவிட்டது.

அரசர் அவரைத் தம் மகனுக்கு ஆசிரியராக அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பினார். பேராயர் பதவியும் பேசப்பட்டது. மூப்படைந்த தாயாரும் அங்கிருந்தார். இளவரசருக்குப் பாடம் சொல்ல என்னைவிடத் தக்கவர் பலர் உளர். மறவர் சீமைக்குப் போக ஆள் குறைவு என்பதே அவர் சொன்னதன் சாரம். அரசனுக்கு மறுப்புச் சொல்லிவிட்டு, 1690 ஏப்பிரலில் மீண்டும் கப்பலேறினார். போ என்றபோது போனவர், இரு என்றபோது இருக்கவில்லை. அரசன் முன் தலைநிமிர்ந்து, ஓலைக்குடிசை முன் தலைகுனிந்த இந்த வரிசையை நாம் பொதுவாகக் காண்பதில்லை. நாம் காண்பது இதன் தலைகீழ்.

திரும்பி வந்தவர் மறவர் சீமை எல்லையிலேயே தங்கினார். காடுகளில் ஒளிந்து, இரவில் நடந்து பணிபுரிந்தார். சேதுபதியின் கட்டளையை மீறினார் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. சபைத் தலைவருக்குக் கீழ்ப்படிந்தவர் நாட்டு அரசனுக்கு ஏன் கீழ்ப்படியவில்லை என்று எங்கள் வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. தமக்கு வரும் கேட்டைத் தாங்குவதில் அவர் யாருக்கும் பணிந்தார். தம்மை நம்பிய மக்களைக் கைவிடச் சொன்னபோது பணியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சட்டத்தை மீறினார், மீறியதற்குரிய தண்டனையிலிருந்து ஓடவில்லை.

அடுத்து வருவதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் நெருடலான பகுதி. மறவர் அரச குலத்தவரும், சேதுபதி பட்டத்துக்கு உரிமை கொண்டாடத் தக்கவருமான தடியத் தேவர் தீராத நோயுற்றார். உபதேசியார் ஒருவர் செய்த செபத்தால் குணமடைந்ததாக நம்பி, கிறித்தவராக விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினால் அன்றித் திருமுழுக்கு இல்லை என்றார் அருளானந்தர். தேவர் அவ்வாறே செய்தார். 1693 சனவரி 6-ஆம் நாள் திருமுழுக்கு நடந்தது. விலக்கப்பட்டவருள் இளையவள் கடலாயி. சேதுபதியின் உடன்பிறந்தாள் மகள். அவள் அழுதுகொண்டு மாமனிடம் சென்று முறையிட்டாள்.

வரலாறு எழுதியோர் பலரும் அவளை ஒரு சூழ்ச்சிக்காரியாகவே காட்டிச் செல்கின்றனர். எனக்கு அது ஒப்பவில்லை. அவளுக்குச் சோறும் இருப்பிடமும் தர ஏற்பாடு இருந்திருக்கலாம். அரச குலத்துப் பெண்ணாகையால் பசி கிடக்க நேர்ந்திராது. ஆனால் கணவனின் மனமாற்றத்துக்காக ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தவள் அவள். அவளை யாரும் கேட்கவில்லை. தேவரின் பணிவுக்கும் குருவின் கண்டிப்புக்கும் உரிய விலையில் ஒரு பங்கை அவள் கொடுத்தாள். அவள் அதை விரும்பிக் கொடுக்கவில்லை. ஒரு மனைவி என்ற நெறி சரியானதே. பெண்ணாகிய நான் அதை மறுப்பேனா? சரியான நெறியும் ஒருவர்மேல் இடிந்து விழக்கூடும் என்று மட்டும் சொல்கிறேன்.

சேதுபதிக்குச் சினம் வரக் காரணங்கள் இரண்டு. மருமகளின் கண்ணீர் ஒன்று. தமக்குப் போட்டியாக எழக்கூடிய தேவரின் பின்னே புதிய சமயத்தார் திரள்வது மற்றொன்று. இரண்டாவதே பெரிது என்று அரசியல் தெரிந்தவர் சொல்லக்கூடும். இரண்டே நாளில், சனவரி 8-இல், அருளானந்தர் கைது செய்யப்பட்டார். இராமநாதபுரத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார். தடியத் தேவர் தம் ஆசானைக் காக்க வாதாடிப் பார்த்தார். தேவரின் ஆட்கள் கிளர்ந்தெழுவரோ என்ற அச்சத்தால், சேதுபதி ஊரறிய விதித்தது நாடு கடத்தும் தண்டனை. வடஎல்லையில் ஓரியூர்ப் பகுதியை ஆண்டுவந்த தம் தம்பிக்கு மறைவாக அனுப்பிய ஓலையில் இருந்தது கொலைத் தண்டனை.

சனவரி இறுதியில் ஓரியூர் சேர்ந்தார். அந்தத் தம்பி நோயாளி. இந்தச் சந்நியாசி தம்மைக் குணப்படுத்துவார் என்று எதிர்பார்த்தார். அது தம் கையில் இல்லை, இறைவன் கையில் உள்ளது என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். உயிர் பிழைக்க ஒரு பொய் நம்பிக்கையைக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையிலிருந்து தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியை நீரில் கரைத்துக்கொண்டார். பேனா இல்லை, ஒரு குச்சியே எழுதுகோல். பிறர் நல்லது செய்யும்போது அதுவே குற்றமாகக் கருதப்பட்டால் அத்தண்டனை மகிழ்ச்சிக்குரியது என்னும் பொருள்பட அதில் எழுதியிருக்கிறார். தமக்கு விடுதலை வேண்டும் என்றோ, கொல்பவர்மீது பழி தீர்க்க வேண்டும் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. காவலர்கள் தம்மைக் கவனித்துக்கொண்டிருப்பதால் மேலும் எழுத இயலவில்லை என்று முடித்தாராம்.

மறுநாள் 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. கிறித்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் நாள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்கு அவரை அழைத்துச் சென்றனர். வழியில் அவர் முன்னே விரைந்து நடந்தாரென்றும், மண்டியிட்டுச் செபித்துவிட்டு எழுந்து கொலைஞனைத் தழுவி, உனக்கு இடப்பட்டதைச் செய் என்ற குறிப்புடன் கழுத்தை நீட்டினாரென்றும் எழுதி வைத்துள்ளனர். நீண்ட தாடி வாளுக்குத் தடையாகாமல் இருக்க அதை இழுத்துக் கட்டினார்களாம். தலை துணிக்கப்பட்டது. கைகளும் கால்களும் வெட்டப்பட்டன. உடல் ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டது. அவருக்கு வயது நாற்பத்தாறு நிரம்ப ஒரு திங்களுக்குச் சற்றுக் குறைவு.

அதே ஆண்டு செப்டம்பரில் டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிடித்தனர். 1692-இல் இங்கே இயேசு சபையார் எழுப்பியிருந்த முதற் கோயிலும் அந்தப் போரில் அழிந்துபட்டது. பிற்பாடு அது மீண்டும் மீண்டும் கட்டப்பெற்று, மிசன் வீதியில் இன்று நாம் காணும் சம்பா கோயிலாக 1791-இல் நிறைவுற்றது. அருளானந்தர் விட்டுச்சென்ற மதுரை மிசனுக்கு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தவரே தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர்.

அருளானந்தரின் மரணச் செய்தி லிசுபன் சேர்ந்தபோது அவர் தாயார் உயிரோடிருந்தார். கறுப்புத் துகில் உடுத்தித் துக்கம் காக்க வேண்டியவர், விழாவுக்குச் செல்வதைப் போல நல்லாடை உடுத்தி அரண்மனைக்குச் சென்றார் என்பர். முதன்முறை மகனைத் தடுக்க வழிதேடி அலைந்த அதே அம்மையார்தாம். அந்த ஆடையை உடுத்திக்கொள்ள அவருக்கு எத்தனை இரவுகள் தேவைப்பட்டனவோ, அதை எழுதி வைத்தவர் எவரும் இல்லை.

திருச்சபை 1853-இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற நிலையையும், 1947 சூன் 22-இல் புனிதர் பட்டத்தையும் அளித்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் அவர் மாண்ட இடத்தின் மணல் செந்நிறமாக இருக்கிறது. அவர் குருதி கலந்ததால் அவ்வாறு ஆயிற்று என்று நம்பி, மக்கள் அதை அள்ளிச் சென்று வீட்டில் வைத்துக்கொள்கின்றனர். நிலத்தில் இரும்பின் துருப்பொருள் மிகுந்தால் மண் சிவக்கும் என்று பாடத்தில் படித்த நான் அதைப்பற்றி இங்கே வாதிடப் போவதில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. அங்கே வருவோரில் கிறித்தவர் மட்டும் இல்லை. இந்துக்களும் வருகின்றனர், எந்த மறவர் சீமை அவரைக் கொன்றதோ அந்த மறவர் குலத்தாரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நேர்த்திக்கடன் செலுத்திப் போகின்றனர்.